பீனால் திரும்பிப் போகும் வெப்பநிலை

ஐசோசயனேட்டோடு (என்சிஓ என்ற வினைக்குழு கொண்ட சேர்மம்) ஆல்கஹால் சேர்ந்தாலும் யூரித்தேன்தான், பீனால் சேர்ந்தாலும் யூரித்தேன்தான். தாளில் எழுதினால் இரண்டும் ஒரே குடும்பம். சூடேற்றிப் பார்த்தால்தான் குணம் தெரியும். பெயின்ட், பூச்சு ரெசின் ஆய்வகங்களில் எங்கள் வேலையில் பாதி இந்த வித்தியாசத்தைச் சுற்றியே ஓடுகிறது. ஐசோசயனேட்டைப் பீனால் போன்ற ஒன்றால் பூட்டிவைத்து, சூடேறும்போது விடுவிப்பதுதான் அந்த வேலை.

முதல்நிலை ஆல்கஹால் அவசரக்காரன். அறை வெப்பநிலையிலேயே வினையில் இறங்கிவிடும். அளவு பெரிதானால் கலவை தானாகவே சூடேறும், குளிர்விக்க ஆள் நிற்க வேண்டும். பீனால் அப்படியில்லை. அதை நகர்த்தச் சூடும் வேண்டும், மூன்றாம்நிலை அமின் அல்லது டின் (வெள்ளீயம்) வினையூக்கியும் வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 2270 அலை எண் அருகே தெரியும் என்சிஓ முகடு மெல்ல மெல்லக் குறைவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். முகடு ஓரளவுக்கு மேல் குறையாமல் நின்றுவிட்டால், புதிதாக வந்தவர்கள் உடனே சூட்டைக் கூட்டப் பார்ப்பார்கள். ஆல்கஹாலுக்கு அது ஓரளவு சரி. பீனால் விஷயத்தில் 150 டிகிரியை நெருங்கும்போது வினை பின்னோக்கித் திரும்பலாம். குறைந்த முகடு மறுபடி தலைதூக்கும். பொறுமையாகக் குறைந்த சூட்டில் வைத்திருப்பதே நல்லது.

மீதமிருக்கும் என்சிஓவை அளக்கச் செய்யும் டைபியூட்டைலமின் டைட்ரேஷனிலும் இதே கவனம் தேவை. மாதிரி சூடாக இருந்தால், யூரித்தேனில் இருக்கும் பீனாலையும் அமின் வெளியே தள்ளிவிடக்கூடும். என்சிஓ அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதனால் மாதிரியை ஆறவைத்த பிறகுதான் அமினையே சேர்ப்பேன்.

பீனால் ஏன் இவ்வளவு எளிதாகக் கழல்கிறது? பிரியும்போது அதன் எதிர்மின்சுமையை வளையம் பகிர்ந்துகொள்கிறது. பாரா நிலையில் (வளையத்தின் எதிர்முனையில்) நைட்ரோ குழு இருந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கழன்றுவிடும். ஐசோசயனேட் அரோமேட்டிக்காக இருந்தாலும் அப்படியே. ஆல்கஹால் யூரித்தேன் பொதுவாக 200 டிகிரிக்கு மேல்தான் அசையும். அப்போதும் வந்த வழியே திரும்பும் என்று சொல்ல முடியாது. கார்பன் டைஆக்சைடு, அமின், ஆல்கீன் என்று உடைந்தும் போகும்.

எனக்கு எரிச்சல் தருவது அட்டவணைகள்தான். 'விடுபடும் வெப்பநிலை' என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள், உருகுநிலை மாதிரி. அது அப்படிப்பட்ட எண் அல்ல. டிஜிஏ கருவி மாதிரியைச் சூடேற்றிக்கொண்டே எடை இழப்பைத்தான் பார்க்கிறது. பீனாலின் கொதிநிலை 182 டிகிரி. ஆகவே பிணைப்பு உடைந்த பிறகும் பீனால் ஆவியாகிப் போகும்வரை கருவிக்கு ஒன்றும் தெரியாது. வெப்ப ஓட்டத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியின் மூடிய கிண்ணத்தில் பீனால் உள்ளேயே கிடந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். சூடேற்றும் வேகத்தை மாற்றினால் எண் மாறும். பக்கத்தில் ஒரு பாலியால் (பல ஆல்கஹால் குழுக்கள் கொண்ட சேர்மம்) காத்திருந்தால் இன்னும் கீழே இறங்கும். எந்த முறையில் அளந்தது என்று எழுதாத எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

நச்சுத்தன்மையும் நெடியும் காரணமாகப் பல பூச்சுகளில் பீனாலுக்குப் பதிலாகக் காப்ரோலாக்டம், ஆக்சைம், டைமெத்தில்பைரசோல் வந்துவிட்டன. செப்புக் கம்பி எனாமலில் மட்டும் பீனாலால் பூட்டிய ஐசோசயனேட் நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. அங்கே கிரெசால்தான் கரைப்பான். அதுவும் பீனால் இனமே என்பதால், டப்பாவில் இருக்கும்வரை என்சிஓ தனியே தலைகாட்டாது. அடுப்பில் கரைப்பான் பறந்த பிறகுதான் பூச்சு இறுகும். அப்புறம் அந்தக் கம்பியின் நுனியைச் சுரண்டாமலே உருகிய ஈயப்பற்றில் முக்கலாம்: யூரித்தேன் சிதைந்து விலகும், ஈயப்பற்று செம்பில் ஒட்டிக்கொள்ளும்.