1453-க்கு முன் பெட்ரார்க் என்ன செய்துகொண்டிருந்தார்? மறுமலர்ச்சிப் பாடத்தைப் படித்த அனுபவம்

தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படித்த ஆண்டுகளில், ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் எனக்கு மிக எளிதாகத் தோன்றிய பாடம் மறுமலர்ச்சிதான். பள்ளி நாட்களிலிருந்து தெரிந்த பாடம் என்பதால் அதைத் தனியாகப் படிக்கத் தேவையில்லை என்று நினைத்து, மாதிரித் தேர்வில் அதிலிருந்து கேட்கப்பட்ட 15 மதிப்பெண் வினாவுக்குத் தயங்காமல் மூன்றரைப் பக்கம் எழுதினேன். 1453-இல் துருக்கியர் பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினர், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் சுவடிகளுடன் இத்தாலிக்கு வந்தனர், அதனால் மறுமலர்ச்சி தோன்றியது என்று தொடங்கி, லியோனார்டோ, மைக்கேலாஞ்சலோ, ரஃபேல் என்று பெயர்களை அடுக்கி, கடைசியில் கோப்பர்நிகஸையும் சேர்த்து முடித்திருந்தேன். 15-க்கு 6 மதிப்பெண் வந்தது. முதல் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "1453-க்கு முன் பெட்ரார்க் என்ன செய்துகொண்டிருந்தார்?"

மறுமலர்ச்சியின் தந்தை எனப்படும் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1374-இலேயே இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதே விடையின் இரண்டாம் பக்கத்தில், அவர் பெயரையும் ஆண்டையும் அடிக்கோடிட்டு நானே எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில் 1453-இல் பிறந்த ஓர் இயக்கத்துக்கு, இரண்டாம் பக்கத்தில் 80 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரைத் தந்தையாக்கியிருக்கிறோம் என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. வழிகாட்டி நூல்களில் காரணங்கள், கலை, இலக்கியம், அறிவியல், விளைவுகள் என்று தனித்தனித் தலைப்புகளாக நெட்டுருப் போட்டவர்களுக்கு இந்தப் பிழை எளிதில் நேரும். ஒரு தலைப்பு இன்னொரு தலைப்போடு பேசுவதே இல்லை.

அதன் பிறகு பெயர்ப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, புத்தகங்களைப் பின்தொடரத் தொடங்கினேன். எந்தப் பழைய நூல் எங்கே கிடந்தது, யார் எடுத்தார், யார் படித்தார், படித்தவர் என்ன செய்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டும் குறிப்பேட்டில் இடம் விட்டேன். வினாவில் "செவ்வியல் கல்வியின் மீட்பு", அதாவது பழைய கிரேக்க, ரோமானிய நூல்களின் கல்வியை மீட்டது, என்று வந்தால் அது உண்மையில் கேட்பது இந்த நான்கையும்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

பெட்ரார்க்கிடமிருந்தே தொடங்கினேன். 1345-இல் வெரோனாவில், பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களின் படி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. சொல்லாட்சியின் ஆசானாகவும் அறநெறியாளராகவும் அவர் போற்றிவந்த சிசரோ, அந்தக் கடிதங்களில் பதற்றமும் தடுமாற்றமும் கட்சிச் சண்டையும் நிறைந்த ஓர் அரசியல்வாதியாகத் தெரிந்தார். ஏமாற்றமடைந்த பெட்ரார்க், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அந்த மனிதரைக் கடிந்து அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். இதை வேடிக்கையான செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். பழமையான நூலை, காலம் கடந்த ஆணையாக மட்டும் ஏற்காமல், குறிப்பிட்ட காலத்தில் வாழ்ந்த குறிப்பிட்ட மனிதரின் குரலாகக் கேட்கும் பழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. பின்னர் கலையிலும் சிந்தனையிலும் நேர்ந்த பல மாற்றங்களுக்கு இந்தக் கால உணர்வே வேர் என்பது என் கருத்து. அதே பெட்ரார்க்குக்குப் பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்றும் கிடைத்தது. ஆனால் கிரேக்கம் தெரியாததால் அதைத் தழுவிக்கொண்டு ஏங்கினாரே தவிர, படிக்க முடியவில்லை.

அந்தக் குறை தீர்ந்தது 1397-இல். பிளாரன்ஸ் நகர அரசின் தலைமைச் செயலராக இருந்த கொலுச்சியோ சலுட்டாட்டியின் முயற்சியால், மேனுவல் கிறிசோலோராஸ் என்ற பைசாந்திய அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அழைக்கப்பட்டு, பிளாரன்ஸில் கிரேக்கம் கற்பிக்க வந்தார். மூன்று ஆண்டுகளே கற்பித்தார். அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்டோ புரூனி, சட்டம் கற்பிக்க எந்நாளும் ஆள் கிடைப்பார்கள், கிரேக்கம் கற்பிக்க இந்த ஒருவர்தானே இருக்கிறார் என்று எண்ணி அவரிடம் சேர்ந்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கிறிசோலோராஸ் அகதியாக வரவில்லை, சம்பளம் பேசி வரவழைக்கப்பட்டார் என்ற ஒரு செய்தியே, 1453-ஐ முதல் காரணமாக எழுதும் விடையைக் கவிழ்க்கப் போதுமானது. 1453-க்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. 1438-இல் கிழக்கு, மேற்குத் திருச்சபைகளின் ஒன்றிப்புப் பேச்சுக்காக இத்தாலிக்கு வந்து, பின்னர் கர்தினாலாகி அங்கேயே தங்கிவிட்ட கிரேக்க மதகுரு பெசாரியன், தலைநகர் வீழ்ந்த பிறகு கிரேக்க நூல்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து, 1468-இல் வெனிஸ் நகருக்குக் கொடையாக வழங்கினார். ஆகவே 1453 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் வந்து கலந்த வெள்ளம் என்று எழுதுங்கள். ஊற்று என்று எழுதாதீர்கள்.

என் குறிப்பேட்டில் மிக அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டவர் போக்கியோ பிராச்சியோலினி. அவர் போப்பின் செயலகத்தில் எழுத்தர். கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபைப் பேரவை கூடியிருந்தபோது, 1415-இல் அவருடைய போப்பே பதவி நீக்கப்பட்டதால் வேலையின்றி நின்றார். அந்த ஓய்வில் சுற்றுவட்டார மடங்களின் நூலகங்களைத் துழாவத் தொடங்கி, 1416-இல் செயின்ட் கால் மடத்தில் பண்டைய ரோமானிய ஆசிரியர் குவின்டிலியனின் சொல்லாட்சி நூலை முழுமையாகக் கண்டெடுத்தார். தூசியும் பூஞ்சையும் படிந்து, மரண தண்டனைக் கைதியைக்கூட அடைக்கத் தகாத கோபுர அடித்தள இருட்டில் நூல்கள் கிடந்தன என்று நண்பருக்கு எழுதினார். மறு ஆண்டு, உலகம் அணுக்களால் ஆனது என்று பாடிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நீள்கவிதையையும் ஜெர்மானிய மடம் ஒன்றில் கண்டெடுத்துப் படி எடுக்கச் செய்தார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த நூல்களை அதுவரை காத்தவர்கள் இடைக்காலத் துறவிகள். எனவே "இருண்ட காலம்" என்று ஒரு பத்தியில் வசைபாடிவிட்டு, அடுத்த பத்தியில் மடத்து நூலகத்தில் சுவடி கிடைத்தது என்று எழுதினால் திருத்துபவர் புன்னகைக்கத்தான் செய்வார்.

போக்கியோவின் கையெழுத்தைப் பற்றிய ஒரு செய்தி தேர்வுக்குப் பயன்படாது, ஆனாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. அவர் பழைய ரோமானியரின் எழுத்து என்று நம்பிப் பார்த்து எழுதிய வடிவம், உண்மையில் 9-ஆம் நூற்றாண்டையொட்டிய கரோலிங்கியர் என்ற அரச மரபு ஆண்ட காலத்துத் துறவிகளின் எழுத்து. அந்தத் தவறான நம்பிக்கையிலிருந்து வளர்ந்த வடிவமே அச்சு எழுத்தாகி, இன்று நம் கணினியில் டைம்ஸ் நியூ ரோமன் என்ற பெயரில் இருக்கிறது.

அடுத்த சிக்கல் சொல்லில் இருந்தது. நம் நூல்கள் இந்த அறிஞர்களின் கல்வி நெறியைப் பெரும்பாலும் "மனிதநேயம்" என்று குறிக்கின்றன. அன்றாடத் தமிழில் அச்சொல்லுக்கு இரக்கம் என்றுதான் பொருள். என்னோடு படித்த ஒருவர் இந்தச் சொல்லை நம்பி, ஏழைகளுக்கு உதவும் எண்ணம் மறுமலர்ச்சிக் காலத்தில் வளர்ந்தது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தார். அக்காலத்தில் அந்தப் பெயரால் குறிக்கப்பட்டது ஒரு பாடத்திட்டம்: இலக்கணம், சொல்லாட்சி, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தையும் பழைய லத்தீன், கிரேக்க நூல்களைக் கொண்டு கற்பது. விடையின் தொடக்கத்திலேயே இந்த ஐந்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் கிடைத்துவிடும். ஏனெனில் அந்தக் கல்வியின் கூர்மையான கருவி மொழியறிவு.

அந்தக் கருவி என்ன செய்தது என்பதற்கு இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லாவைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. பின்னர் நேப்பிள்ஸ் அரசரான அல்ஃபோன்சோவின் ஆதரவில் இருந்த வல்லா, 1440-இல் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தார். ரோமானிய ஆவணத்தில் "சத்ரப்" என்ற பாரசீகப் பதவிப் பெயர் எப்படி வந்தது? நகரமாக இன்னும் உருவாகாத கான்ஸ்டான்டிநோபிள், சமயத் தலைமைப்பீடங்களில் ஒன்றாக எப்படிக் குறிக்கப்பட்டது? இந்தக் கொச்சை லத்தீன் 4-ஆம் நூற்றாண்டு அரசவைக்கு உரியதா? இப்படிக் கேட்டே அது பிற்காலப் போலி என்று நிறுவினார். சிசரோவின் நடையைத் துல்லியமாக அறிந்தவருக்குத்தான் அந்த நடையல்லாதது உறுத்தும்.

வல்லா இதே முறையைப் புதிய ஏற்பாட்டின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும் கையாண்டு குறிப்புகள் எழுதியிருந்தார். அந்தக் குறிப்புகளை லூவென் நகரருகே ஒரு மடத்தில் கண்டெடுத்த டச்சு அறிஞர் இராஸ்மஸ், 1505-இல் அவற்றை அச்சிட்டார். 1516-இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையே பதிப்பித்தார். பழைய லத்தீனில் "தவம் செய்யுங்கள்" என்று சடங்காகப் புரிந்துகொள்ளப்பட்ட இடத்தில், கிரேக்க மூலம் மனம் திரும்புதலைச் சொல்கிறது என்பது இதனால் பலருக்கும் தெரியவந்தது. 1517-இல், புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிவைத்த லூதர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது இந்தச் சொல்லைப் பற்றியதுதான். செவ்வியல் கல்வி சிந்தனையை எப்படிப் பாதித்தது என்ற வினாவுக்கு, வல்லாவிலிருந்து இராஸ்மஸ், இராஸ்மஸிலிருந்து லூதர் என்ற இந்த ஒரு சங்கிலியை நன்றாக எழுதினாலே பாதி விடை ஆகிவிடும்.

கலைப் பகுதியில் நான் செய்த மாற்றம், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்ததுதான். முன்பு பன்னிரண்டு ஓவியங்களின் பெயரை எழுதினேன். பிறகு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கைப்பேசித் திரையில் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்தேன். முதலாவது, பிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் மசாச்சியோ ஏறத்தாழ 1427-இல் வரைந்த மூவொரு கடவுள் ஓவியம். சிலுவைக்குப் பின்னால், சதுரக் குழிகள் கொண்ட ரோமானியப் பாணி வளைவுக் கூரை சுவருக்குள் ஆழமாகச் செல்வதுபோல் தெரிகிறது. கூரையின் கோடுகளை விரலால் தொடர்ந்து கீழே வந்தால், அவை எல்லாம் சிலுவையின் அடியருகே, தரையில் நிற்பவரின் கண் மட்டத்தில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. ரோமின் இடிபாடுகளை ஆராய்ந்தவரும் தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் தொலைநோக்கு வரைமுறையைச் செய்து காட்டியவருமான கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கியின் தாக்கம் இதில் நேரடியாகத் தெரியும். அந்த முறையை 1435-இல் அல்பெர்ட்டி லத்தீனில் நூலாக எழுதினார். ஓவியர் கைத்தொழிலாளர் மட்டுமல்லர், வடிவியலும் இலக்கியமும் கற்றவராக இருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

இரண்டாவது, 1509 முதல் 1511 வரை வத்திக்கானில் ரஃபேல் வரைந்த ஏதென்ஸ் பள்ளி. நடுவே பிளேட்டோ "டிமேயஸ்" நூலை ஏந்தி மேலே சுட்டுகிறார். அரிஸ்டாட்டில் "அறவியல்" நூலை ஏந்தி, உள்ளங்கையைத் தரையை நோக்கி விரிக்கிறார். இடப்புறத்தில் தலைப்பாகையோடு எட்டிப் பார்ப்பவரை அரபு மெய்யியலாளர் இபின் ருஷ்த் என்பர். அரிஸ்டாட்டிலின் உரையாசிரியராக ஐரோப்பா அவரைப் பல தலைமுறைகள் படித்திருந்தது. அரபு வழியாக வந்த கல்வியைக் குறிப்பிட இதைவிட நல்ல இடம் அமையாது. இதைவிட முக்கியமானது, அந்த ஓவியம் இருக்கும் இடம். அது போப் இரண்டாம் ஜூலியஸின் நூலக அறை. எதிர்ச் சுவரில் நற்கருணையைப் பற்றிய சமய ஓவியத்தையும் ரஃபேலே வரைந்திருக்கிறார். மறுமலர்ச்சி என்றால் சமய எதிர்ப்பு என்று எழுதும் வழக்கத்தை, இந்த அறையைப் பற்றிப் படித்த அன்றே விட்டுவிட்டேன்.

அச்சுக்கலை, பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஆதரவு, வணிக நகரங்களின் செல்வம் ஆகியவற்றை எல்லோரும் எழுதுவதால் அவற்றுக்கு ஐந்தாறு வரிகள் போதும். அச்சுக்கு மட்டும் வெனிஸ் அச்சாளர் அல்டஸ் மனூஷியஸ் 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்திலேயே ஐந்து தொகுதிகளாக வெளியிட்டதை எழுதுங்கள். ஒரு மடத்தில் ஒரு படி என்று கிடந்த நிலை மாறியது அதில் தெரியும்.

அறிவியலை வாலாக ஒட்டாமல், அதே சங்கிலியில் கோர்க்க வேண்டும். 1543-இல் வெளிவந்த தன் வானியல் நூலின் முன்னுரையில், பூமி அசைகிறது என்று முன்னோர் சிலர் கருதியதைச் சிசரோவிலும் புளூட்டார்க்கிலும் படித்ததாகக் கோப்பர்நிகஸே சொல்கிறார். அதே ஆண்டில் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ், அதற்குச் சற்று முன்புதான் பழங்கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் பங்கெடுத்திருந்தார். கேலனை நன்றாகப் படித்ததால்தான், மனிதனின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்புகள் என்ற அவர் கூற்று விலங்குகளை அறுத்துப் பார்த்துச் சொன்னது என்பதை வெசாலியஸால் காண முடிந்தது. மனிதனுக்கு அது ஒரே எலும்பு.

இறுதித் தேர்வில், செவ்வியல் கல்வியின் மீட்பு கலையையும் சிந்தனையையும் எவ்வாறு பாதித்தது என்று ஏறக்குறைய இதே சொற்களில் வினா வந்தது. "சத்ரப் என்ற ஒரு சொல்" என்று விடையைத் தொடங்கினேன். 35 நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தும், வல்லாவிடமும் மசாச்சியோவின் கூரையிடமும் நேரத்தைக் கொட்டிவிட்டதால், கூடுதல் தாள் வாங்கிக் கட்டிய பிறகு வெசாலியஸுக்கு இரண்டு வரிகளே கிடைத்தன. கோப்பர்நிகஸின் பெயரை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.