ரோமத்தில் விரல் தடம்

மார்ச் 2, திங்கள்

தம்பியோடு பேசியது வம்பில் முடிந்தது. ராட்சதக் குரங்குப் படமான 'கிங் காங்' 1933-இல் நியூயார்க்கில் திரைக்கு வந்த நாள் இன்று, 93 வருடம் ஆகிறது என்று சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. பீட்டர் ஜாக்சன் 2005-இல் எடுத்த ரீமேக்கையும் வழக்கம்போல ஒரு குத்துக் குத்தினேன். "அக்கா, அந்தப் படத்தை நீ முழுதாகப் பார்த்ததுண்டா?" என்று கேட்டான்.

பார்த்ததில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அழைத்துப் போனது நான்தான். இடைவேளையில் எழுந்து வெளியே வந்து, படம் முடியும் வரை தியேட்டர் வராந்தாவில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அந்த அரைப்படத்தை வைத்துக்கொண்டு இருபது வருடமாகத் தீர்ப்பு வழங்கி வருகிறேன்.

ஆகையால் இந்த வாரம் பிராயச்சித்தம். 1933, 1976, 2005 என்று மூன்றையும் வரிசையாகப் பார்ப்பது, பார்த்ததை இங்கே எழுதுவது.

கிங் காங் என்ற பெயர் காதில் விழுந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் கிங் காங் குரங்கே அல்ல. தாரா சிங்கோடு மல்லுக்கட்டிய ஹங்கேரிக்காரர். "உங்கள் தாத்தா பார்த்திருக்கிறார், மலை மாதிரி இருப்பாராம்" என்றார். அந்தப் பயில்வானுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்கினேன். நம்பவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

1933. நூறு நிமிடம். இயக்கியவர்கள் மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக்.

எத்தனையாவது முறை என்று நினைவில்லை. இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு நியூயார்க் காட்சிகளில் பின்னணி இசை கிடையாது. பேச்சும் துறைமுகச் சத்தமும்தான். கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து மண்டையோட்டுத் தீவை நெருங்கும்போதுதான் மாக்ஸ் ஸ்டெய்னரின் இசை மெல்ல எழுகிறது. இசை வந்துவிட்டது என்பதே எனக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. அதற்குள் விழித்த உலகம் போய்க் கனவு வந்துவிட்டிருந்தது.

கதை விரைகிறது. பொருளாதார மந்தக் காலம். பசியில் ஆப்பிள் திருடப்போய்ப் பிடிபடுகிறாள் ஆன். படமெடுக்கும் டென்ஹாம் அவளைக் காப்பாற்றிக் கப்பலில் ஏற்றுகிறான். தீவில் காங் அவளைத் தூக்கிப் போகிறான், அவனைப் பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த டென்ஹாம் பெரும்பாலும் கூப்பரேதான். சயாம் காட்டுக்குள் போய்ப் புலியையும் யானையையும் படமெடுத்து வந்தவர் அவர்.

படம் எங்கே கிழடு தட்டிப்போயிருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். காதல் வசனங்கள் மரக்கட்டை. இலை தழை தின்னும் பிரான்டோசரஸ் என்ற டைனோசர், மரத்தில் ஏறிய மாலுமியை வாயில் கவ்வுகிறது. காங்கின் உயரம் தீவில் 18 அடி, நியூயார்க்கில் 24 அடி. நகரம் பெரிது, பொம்மை சிறிதாகத் தெரியும் என்று கூப்பர் கூட்டிவிட்டார். தீவு மக்களைக் காட்டியிருக்கும் விதம் அன்றைய வெள்ளைக்கார மனத்தின் அழுக்கு. அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனாலும் காங் வந்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. டி. ரெக்ஸ் டைனோசரோடு கட்டிப் புரண்டு அதன் தாடையைக் கிழித்துவிட்டு, செத்துவிட்டதா என்று தாடையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறானே, அது சண்டைக்காட்சியில் எழுதப்படாத ஒன்று. குழந்தை செய்கிற காரியம்.

இவன் நல்லவன் அல்ல. மனிதர்களைக் கடிக்கிறான், மிதிக்கிறான். ஹோட்டல் ஜன்னலுக்குள் கைவிட்டுத் தூங்கும் பெண்ணை எடுத்து, ஆன் இல்லை என்று தெரிந்ததும் தெருவில் போட்டுவிடுகிறான். 1938-இல் மறுவெளியீட்டுக்குத் தணிக்கை வந்தபோது இவையெல்லாம் வெட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்ப ஒட்டப்பட்டன. ஆன் கடைசி வரை அலறுகிறாள். அவன்மேல் அவளுக்கு ஒரு சொட்டு இரக்கமும் கிடையாது. எனக்கும் வேண்டாம் என்றுதான் படம் சொல்லிக்கொண்டே வருகிறது. அப்படியிருக்க, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் குண்டு பட்ட மார்பைத் தொட்டு விரலைப் பார்க்கிறான் பாருங்கள். அங்கே யாரும் என்னை அழச் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

நேற்றைய படத்தில் பாதியை இன்று மிக மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். வேலை கெட்டது.

காங் 18 அங்குலப் பொம்மை. பூக்காரி அளந்து தருகிற ஒரு முழம். உள்ளே எஃகுக் கூடு, மேலே ரப்பரும் பஞ்சும், அதன்மேல் முயல் ரோமம். மார்செல் டெல்காடோ செய்தார். வில்லிஸ் ஓ'பிரையன் உயிர் கொடுத்தார். கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம். ஒரு நொடிக்கு 24. ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் பட்ட இடத்தில் ரோமம் கலைகிறது. ஓட்டிப் பார்த்தால் காங்கின் உடம்பு முழுக்கக் காற்றில்லாத இடத்தில் காற்றடிக்கிறது. கோபத்தில் மயிர் சிலிர்க்கிறது என்று தயாரிப்பு நிறுவனத்தார் நினைத்துப் பாராட்டியதாக ஒரு கதை உண்டு.

தொழில்முறையில் அது பிழை. எனக்கு அந்தப் பிழைதான் வேண்டும். அங்கே ஒரு மனிதன் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் என்று தெரிகிறது.

மார்ச் 5, வியாழன்

1976. ஜான் கில்லர்மின் இயக்கம், டீனோ டி லாரென்டிஸ் தயாரிப்பு. எண்ணெய் தேடிப் போகும் நிறுவனம், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம், ஹெலிகாப்டர்கள். 40 அடியில் இயந்திரக் குரங்கு ஒன்றைக் கட்டினார்கள். அது திரையில் நிற்பது சில நொடிகள். மீதிப் படம் முழுவதையும் தோல் உடைக்குள் புகுந்து சுமந்தவர் ரிக் பேக்கர். அந்த உடைக்குள்ளிருந்து தெரியும் கண்கள் நன்றாக இருக்கின்றன, படம் நன்றாக இல்லை.

ஒன்றை மட்டும் மெச்சுவேன். பிடிபட்ட காங் கப்பலில் எப்படி வந்தான் என்று 1933 படம் காட்டாது. தீவில் மயங்கி விழுவான், அடுத்த காட்சியில் நியூயார்க் அரங்க வாசல். 1976-இல் எண்ணெய்க் கப்பலின் வெற்றுத் தொட்டிக்குள் அவன் கிடப்பதைக் காட்டுகிறார்கள். அந்த இருட்டு ஒன்றே மற்ற இரண்டில் இல்லாதது. 187 நிமிடம் எடுத்துக்கொண்ட ஜாக்சனும் அந்தப் பயணத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார் என்று தம்பி சொன்னான். சொந்தக் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறான், பாவம்.

மார்ச் 7, சனி

2005. முதல் பாதி. இன்று வராந்தா கிடையாது.

வறுமைக்கால நியூயார்க்கை ஜாக்சன் கட்டியிருக்கும் அழகை அன்று நான் கவனிக்கவே இல்லை. சென்ட்ரல் பார்க்கில் வீடிழந்தவர்களின் குடிசைகள். மேலே அல் ஜோல்சனின் குரலில் உலகத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பதாக ஒரு பாட்டு. உச்சியில் உட்காரப்போகிறவன் யார் என்று நமக்குத் தெரியும். நாயகி வேடத்துக்கு ஃபேவைக் கேட்கலாமே என்று பேச்சு வரும்போது, அவர் ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் கூப்பரின் படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வருகிறது. 1933 படத்தின் நாயகி ஃபே ரேக்கு வைத்த வணக்கம் அது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் கப்பல் ஏறினோம். ஏறினோம், ஏறினோம், இறங்கவே இல்லை. கப்பலில் புத்தகம் படிக்கும் பையனுக்கு ஒரு கதை, அவனை வளர்த்தவருக்கு ஒரு கதை, கேப்டனுக்கு ஒரு கதை. காங் முகம் காட்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிடுகிறது. பழைய படத்தில் அந்நேரத்துக்கு ஆன் காட்டுக்குள் தூக்கிப் போகப்பட்டிருப்பாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டு வம்சாவளியை வாசித்துக் காட்டினால் எப்படி?

தீவு மக்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. எழுபது ஆண்டு கழித்து எடுப்பவர் பழைய அழுக்கைக் கழுவியிருக்க வேண்டும். அது இன்னும் பயங்கரமாக, மனிதர்களா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் அவருக்கு விஷயம் தெரியும். நியூயார்க் மேடையில் காங்கைக் காட்சிக்கு வைக்கும் இடத்தில் 1933 படத்தின் நடனத்தையும் உடையையும் ஸ்டெய்னரின் இசையோடு அப்படியே கொண்டுவந்து, பாருங்கள், இதெல்லாம் வெறும் ஷோ என்று கிண்டல் செய்கிறாராம். அதைத் தெரிந்தவர் தீவில் ஏன் அப்படிச் செய்தார்? தம்பியிடம் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

மார்ச் 8, ஞாயிறு

இரவு சரியாகத் தூங்கவில்லை. பாதியோடு நிறுத்த மனமில்லாமல் நேற்றே மீதியையும் பார்த்துவிட்டேன். காரணம் அந்தப் பள்ளம்.

பழைய படத்தில் மரப்பாலத்தைக் காங் உலுக்க, மாலுமிகள் பள்ளத்தில் விழுந்து சாவார்கள். அங்கே ராட்சதச் சிலந்திகள் அவர்களைத் தின்னும் காட்சியை ஓ'பிரையன் எடுத்து வைத்திருந்தார். கதை நின்றுபோகிறது என்று கூப்பர் வெட்டி எறிந்தார். அந்தப் படச்சுருள் இன்று வரை கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் நியூசிலாந்தில் தொலைக்காட்சியில் 'கிங் காங்' பார்த்துப் படமெடுக்கக் கிளம்பிய ஜாக்சனுக்கு அது பெரிய ஏக்கமாக இருந்திருக்க வேண்டும். பழைய படத்தின் டிவிடிக்காக அந்தக் காட்சியைப் பழைய முறையிலேயே பொம்மை அசைத்து மறுபடி செய்தார். தன் படத்தில் அதே பள்ளத்தைப் பூச்சிகளால் நிரப்பினார்.

பார்த்தேன். புழுக்கள் சமையல்காரனின் கையையும் காலையும் தலையையும் நிதானமாக விழுங்குகின்றன. பரபரப்பு இசை கிடையாது, சோக மெட்டுத்தான். இந்த வாரம் பார்த்த எல்லாவற்றிலும் பயங்கரம் இதுதான். 1933-ஐயும் சேர்த்தே சொல்கிறேன். (அந்தச் சமையல்காரராக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். நடிகரின் அசைவைக் கணினியில் பதிவு செய்யும் மோஷன் கேப்சரில் காங்காக நடித்தவரும் அவரே. தன்னைத் தானே மரத்திலிருந்து உலுக்கித் தள்ளியிருக்கிறார்.)

காட்சி முடிந்தபோது ஆன் எங்கே, காங் எங்கே என்று எனக்கு மறந்துபோயிருந்தது. கூப்பர் சொன்னது சரி. கதை நின்றுவிட்டது.

இந்தப் படத்தின் சிக்கல் முழுவதும் எனக்கு அந்தப் பள்ளத்துக்குள் தெரிந்தது. கூப்பருக்கு அது அவருடைய படம், வேண்டாததை வெட்டினார். ஜாக்சனுக்கு அது ஒன்பது வயதில் பார்த்த தெய்வம். எதையும் விட மனம் வரவில்லை. ஒரு டி. ரெக்ஸ் இருந்த இடத்தில் மூன்று வந்து, கொடிகளில் தொங்கிக்கொண்டு சண்டை போடுகின்றன. மூன்றாவது தாடையைக் கிழித்த பிறகு இங்கேயும் ஆட்டிப் பார்க்கிறான். எனக்கு வலிக்கவில்லை, நான் ஏற்கெனவே களைத்திருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

உறைந்த குளத்தைப் பற்றி எழுதாமல் நேற்று தப்பித்தேன்.

நகரத்தை நொறுக்கிய காங், ஆன் எதிரே வந்ததும் அடங்குகிறான். சென்ட்ரல் பார்க்கின் பனிக்குளத்தில் இருவரும் வழுக்கி விளையாடுகிறார்கள். படிக்கும்போதே சிரிப்பு வருகிறது அல்லவா? இதைத்தான் தம்பியிடம் இருபது வருடமாகக் கேலி பேசினேன், பார்க்காமலே. பார்த்தபோது கேலி வரவில்லை. 25 அடி மிருகம் பின்புறம் வழுக்கிச் சுற்றி, இது என்ன என்று பனியைப் பார்க்கிறது. ஆனாக நடிக்கும் நவோமி வாட்ஸ் சிரிக்கிறார். ராணுவத்தின் குண்டு விழுந்து பனி உடைகிறது. அவ்வளவுதான். கண் கலங்கியது. பழைய படத்தில் இதற்கு இடமே இல்லை. அங்கே ஆன் சிரித்திருந்தால் படம் செத்திருக்கும். இங்கே அவர் சிரிக்காமல் இருந்தால் இந்தப் படத்துக்கு உயிர் இல்லை.

என் குறை அப்படியே இருக்கிறது. தீவில் ஆன் குட்டிக்கரணம் போட்டுக் காங்கை மகிழ்விக்கும் இடத்திலிருந்தே, இவனுக்காக நீ அழப்போகிறாய் என்று படம் காதருகே சொல்லத் தொடங்கிவிடுகிறது. கோபுர உச்சிக்குப் போகும்போது எனக்குப் பயம் மிச்சமில்லை. பயந்த ஒன்றுக்காக அழுவதும் செல்லம் கொஞ்சிய ஒன்றுக்காக அழுவதும் வேறு வேறு.

கடைசி வசனமும் உறுத்தியது. விமானம் அல்ல, அழகுதான் மிருகத்தைக் கொன்றது என்று பழைய டென்ஹாம் சொல்லும்போது அவனுக்கு அதில் நம்பிக்கை இருந்தது. ஜாக் பிளாக்கின் டென்ஹாம் கடன்காரப் புளுகன். அவன் வாயில் அது சுவரொட்டி வாசகம். ஃபே ரேயையே அதைச் சொல்லவைக்க ஜாக்சன் விரும்பியிருந்தார். 2004 ஆகஸ்ட் 8 அன்று, 96 வயதில், அவர் காலமானார். எம்பயர் ஸ்டேட் கட்டடம் அவருக்காக 15 நிமிடம் விளக்கைத் தணித்தது.

மார்ச் 10, செவ்வாய்

சின்னச் செய்தி ஒன்று. 1933-இல் காங்கைச் சுடும் விமானத்தில் விமானியாக இருப்பவர் கூப்பர், துப்பாக்கிக்காரர் ஷோட்சாக். 2005-இல் துப்பாக்கி பிடிப்பவர் ஜாக்சன். விமானத்தை ஓட்டுபவர் ரிக் பேக்கர், 1976-இல் காங்கின் தோலுக்குள் இருந்தவர். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11, புதன்

தம்பியிடம் கணக்கு ஒப்படைத்தேன். குளம் உனக்கு, பள்ளத்தில் பாதி உனக்கு, கப்பல் பயணம் யாருக்கும் வேண்டாம், கோபுரம் எனக்கு. ரீமேக் மூன்று ஆஸ்கர் வாங்கியது என்று அவன் சொன்னான். பழைய படம் வந்தபோது ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் என்ற பிரிவே கிடையாது என்று நான் சொன்னேன். பேச்சு மறுபடி சூடேறியது.

அப்போதுதான் தோன்றியது. "சரி, 1933 படத்தை நீ முழுதாகப் பார்த்ததுண்டா?"

மறுமுனையில் சத்தமில்லை.

"யூடியூபில் பார்த்தேன்" என்றான்.

"எதை?"

"சண்டையை."

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அம்மாவும் எங்களோடு உட்காரப்போகிறாராம். தாரா சிங் முதல் பாதியில் வருவாரா, இரண்டாம் பாதியிலா என்று கேட்டுவைத்திருக்கிறார்.