அத்தை சொன்ன வசனம் பின்வரிசைக்குக் கேட்கவில்லை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு மாடி அரங்கில் என் குறும்படத்தை முதல்முறையாகத் திரையில் பார்த்தேன். பத்தடி அகலத் துணிதான். ஆனால் அதுவரை லேப்டாப்பிலும் போனிலும் மட்டுமே ஓடிய படம் அது, கூட உட்கார்ந்து பார்த்தவர்களும் வீட்டு ஆட்கள், இல்லாவிட்டால் படத்தில் வேலை பார்த்தவர்கள். முன்பின் தெரியாத எண்பது பேர் இருட்டில் உட்கார்ந்து நம் படத்தைப் பார்க்கும்போது பின்னால் யாராவது இருமினால்கூட நெஞ்சு திக்கென்கிறது.

ஊரில் படம் எடுக்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்திய நாள் இது. போட்டி இல்லை, பரிசு இல்லை. மதியச் சாப்பாட்டோடு சேர்த்து நுழைவு 150 ரூபாய். மதுரை, திண்டுக்கல், விருதுநகர், தேனி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து 17 படங்கள். நான்கைந்து படம் ஓடும், அப்புறம் அந்தப் படங்களை எடுத்தவர்கள் முன்னால் வந்து அரை மணி நேரம் பேசுவார்கள், பிறகு டீ. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை இப்படியே போனது.

மதுரைக்குக் குறும்படத் திரையிடல் புதிதில்லை. மறுபக்கம் அமைப்பினர் 1998லிருந்து இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறார்கள். பல நாட்டுப் படங்களை நான் முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். நான் ஏங்கியது வேறு ஒன்றுக்கு. என் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சென்னைக்கு போன் போட்டு கேமராமேன் தேடுவோம். கலைஞர் தொலைக்காட்சியில் நாளைய இயக்குநர் என்ற குறும்படப் போட்டி வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அதைத் தவறாமல் பார்ப்போம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்கள், அதிலும் கார்த்திக் சுப்புராஜ் எங்கள் ஊர்க்காரர். அந்த நிகழ்ச்சி எத்தனையோ பேருக்குத் தைரியம் கொடுத்தது. ஆனால் அதற்கப்புறம் குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டுவதற்கான விசிட்டிங் கார்டு என்ற எண்ணமும் எல்லோருக்கும் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் மட்டுமே சொல்லக்கூடிய கதைகள் இருக்கின்றன. அதை இரண்டு மணி நேரமாக இழுத்தால் அந்தக் கதையே செத்துப்போகும்.

என் படமும் பன்னிரண்டு நிமிடம்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கும் மகள். அம்மாவாக நடித்தது என் அத்தை. நிஜத்திலும் முப்பது வருடமாகப் பூ கட்டுகிறவர். படம் முழுக்க மகள் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், அம்மா பதிலே சொல்லாமல் மல்லியைக் கட்டிக்கொண்டிருப்பாள். கடைசியில் தலையை நிமிர்த்தாமல் ஒன்று சொல்வாள்: “போறதுன்னா திங்கக்கெழம போ. ஞாயித்துக்கெழம முகூர்த்தம், ஒன்ன பஸ் ஏத்திவிட நான் வர முடியாது.” அவ்வளவுதான். அம்மா சம்மதித்துவிட்டாள், வழியனுப்பவும் வரப்போகிறாள் என்பது அந்த ஒரு வசனத்தில்தான் தெரியும். அது போனால் படம் போச்சு.

அரங்கில் அது போய்விட்டது.

மார்க்கெட்டில் விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்த காட்சி அது. ஏலக் குரல், லாரி ஹாரன், பக்கத்துக் கடை ரேடியோ எல்லாம் பின்னால் உண்டு. கேமரா மேல் மாட்டியிருந்த மைக்கில்தான் பதிவு செய்தேன், கேமரா அத்தையிடமிருந்து ஆறேழு அடி தள்ளி இருந்தது. ஹெட்போனில் வைத்து எடிட் செய்யும்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எனக்கோ வசனம் மனப்பாடம், கேட்காவிட்டாலும் கேட்கும். அரங்கில் எட்டு மின்விசிறிகள் ஓடின, புரொஜெக்டருக்கும் ஒரு இரைச்சல் இருந்தது, இரண்டு ஸ்பீக்கரிலும் மார்க்கெட் சத்தம் மேலே ஏறி வந்து அத்தையின் குரலை மூடிவிட்டது. பின்வரிசையில் யாரோ “என்ன சொன்னாங்க?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இரண்டாவது வரிசையில் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அத்தைக்கும் கேட்டிருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்து, திரையில் பேசிய அதே தொனியில், அதே தாழ்ந்த குரலில், அந்த வசனத்தை முழுசாகச் சொன்னார். சுற்றி நாலைந்து வரிசைக்கு அது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. அரங்கு அப்படியே அமைதியானது, பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும்.

வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். டீ குடிக்கக்கூடப் போகவில்லை. அப்போதுதான் ஒருவர் வந்தார், வயது இருபத்தெட்டு முப்பது இருக்கும். “அண்ணே, படம் ரொம்ப நல்லா இருக்குண்ணே, ஆனா மைக்க எங்க வச்சீங்க?” என்றார். பாராட்டிவிட்டு உடனே மைக்கைக் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் அப்பா நாடகங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவர். இவர் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். வீடு ஜெய்ஹிந்துபுரம். நான் வில்லாபுரம். பைக்கில் பத்து நிமிடம்கூட ஆகாது.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சொன்னதை நான் போனில் குறித்துக்கொண்டேன், படம் எடுக்கிற யாருக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். மைக் எவ்வளவு விலை என்பதைவிட வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல மைக் ஏழு அடி தள்ளி இருப்பதைவிடச் சாதாரண மைக் ஒன்றரை அடியில் இருப்பது மேல். ஃபிரேமுக்கு மேலே பூம், அதாவது நீளக் கம்பி நுனியில் மாட்டிய மைக், பிடிக்க ஒரு ஆளைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும். வசனம் சரியாகப் பதிவாகவில்லை என்று சந்தேகம் வந்தால் நடித்தவரை அப்போதே ஓரமாகக் கூட்டிப்போய், கேமரா இல்லாமல், மைக்கைப் பக்கத்தில் வைத்து அதே வசனத்தை இரண்டு மூன்று முறை சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வைல்ட் லைன் என்பார்கள். ஐந்து நிமிட வேலை. பெரிய சினிமாவில் டப்பிங் இருப்பதால் ஷூட்டில் சவுண்டைக் கவனிக்காத பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது, குறும்படக்காரனுக்கு டப்பிங் தியேட்டர் வாடகை கொடுக்க முடியாது, கொடுத்தாலும் அத்தை மாதிரி ஒருவர் கண்ணாடி அறைக்குள் நின்று அந்தத் தொனியைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

மற்ற படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. சௌராஷ்டிர மொழியில் ஒரு படம் வந்திருந்தது, ஒரு தறிக்காரர் வீட்டில் ஒரே நாளில் நடக்கும் கதை, தமிழில் சப்டைட்டில். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த நான் அந்த மொழியை தினமும் கடைத்தெருவில் கேட்டிருக்கிறேன், ஒரு கதையில் கேட்டது அன்றுதான் முதல்முறை. ஆனால் அரங்கின் தரை சமமாக இருந்ததால் முன்னால் இருப்பவர்களின் தலை சப்டைட்டிலை மறைத்தது. பாதிப் பேர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள், கடைசியில் பத்துப் பதினைந்து பேர் எழுந்து சுவரோரம் நின்றே பார்த்தோம். இப்படிப்பட்ட இடத்தில் திரையை இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டினாலே போதும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவியின் ஏழு நிமிடப் படம், முழுக்க ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குள். அதில் ஒரு பழைய சினிமாப் பாட்டு பஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சில் ஒருவர் பாட்டுக்கு உரிமை வாங்கினீர்களா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விழாக்களுக்கு அனுப்பும்போது இசை உரிமை பற்றிக் கேட்பார்கள், யூடியூபில் போட்டால் பாட்டின் உரிமையாளர் படத்துக்கு உரிமை கோரலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். இதே மாதிரி இன்னொன்று: பல பேர் படம் முடிந்த மறுநாளே யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், இணையத்தில் வந்துவிட்ட படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் நிறைய இருக்கின்றன. முதலில் விழாக்கள், அப்புறம் யூடியூப் என்ற வரிசை நல்லது. ஒரு வருடம் பொறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஒரு தம்பியின் படம் ஆட்கள் எல்லாம் ஒல்லியாக நீண்டு ஓட ஆரம்பித்தது. அன்று காலையில்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பச் சொல்லியிருந்தார்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படம் எடுப்பவருக்கு அது எப்போதும் முடிவதில்லை. நல்லவேளை, நடத்தியவர்கள் அப்படியே ஓட்டாமல் நிறுத்தி, சரிசெய்து, முதலிலிருந்து போட்டார்கள். பதினைந்து நிமிடம் தாமதம்தான். ஒன்றரை வருட உழைப்புக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார்களே, அதற்காகவே அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குறை என்று பார்த்தால் சிறப்பு விருந்தினர் உரை. நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் இன்னும் மூன்று படம் போட்டிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் நம்மிடம் இருப்பது, இன்னொன்றில் நமக்குத் தேவைப்படுவது. சுவரில் இரண்டு சணல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் எல்லாவற்றையும் மாட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரும் அதைப் படித்துக்கொண்டிருந்தோம். “ரெண்டு எல்இடி லைட் இருக்கு, திங்கள் முதல் வியாழன் வரை சும்மாதான் இருக்கும்.” “உசிலம்பட்டி பக்கம் தாத்தா வீடு காலியாக உள்ளது, ஷூட்டுக்குத் தருகிறேன், தண்ணீர் மட்டும் கொண்டுவர வேண்டும்.” “கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், எட்டு வருடம், ஒரு கதைப்படமாவது எடிட் செய்ய ஆசை.” “அறுபது வயதுக்கு மேல் நடிக்க ஆள் வேண்டும், ஆண், மொட்டை போடச் சம்மதம் வேண்டும்.” அந்த எடிட் அட்டையை எழுதியவர் ஒரு அக்கா, செல்லூர்க்காரர். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அவரிடம் கதை சொல்லிவிட்டார்கள். நான் தேவை அட்டையில் ஒரே சொல் எழுதினேன்: சவுண்ட். என்னிடம் இருப்பதைச் சொல்லும் அட்டையில் எழுத யோசித்து யோசித்து, கடைசியில், ‘பூ மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் ஷூட்டுக்குப் பேசி அனுமதி வாங்கித் தர முடியும்’ என்று எழுதினேன். சென்னையில் காசு கொடுத்து வாங்கும் பல விஷயங்கள் ஊரில் இப்படி ஒரு அட்டையில் கிடைக்கின்றன. யாரிடம் இருக்கிறது என்பதுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

போன வாரம் மைக் செட் தம்பி ரெக்கார்டரோடு அத்தை வீட்டுக்கு வந்தார். மதியம் இரண்டு மணி, தெரு கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரம். மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தினோம், ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டோம். அத்தை இரண்டு தரம் சொன்னார், சரியாக வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. பிறகு அவரே எழுந்துபோய், சாயங்காலக் கட்டுக்கு வைத்திருந்த மல்லியையும் நாரையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். “கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராதுப்பா.” கட்டிக்கொண்டே சொன்னார். மூன்றாவது டேக்கில் அந்த வசனத்தோடு நார் இழுபடும் சத்தமும் சேர்ந்து கிடைத்தது. தம்பி ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார்.

இந்த வாரம் அதைப் படத்தில் சேர்த்து, மார்க்கெட் சத்தத்தை அந்த இடத்தில் மட்டும் இறக்கி, புதுப் பிரதி எடுத்துவிட்டேன். ஹெட்போனில் மட்டும் கேட்காமல் அம்மாவை அடுத்த அறையில் உட்காரவைத்து, விசிறியை ஓடவிட்டு, டிவி ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

தம்பி காசு வாங்க மாட்டேன் என்றார். அவருடைய நண்பர் ஒருவர் படம் எடுக்கிறாராம், பூம் பிடிக்க ஆள் இல்லையாம். வருகிற ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் திருப்பரங்குன்றத்தில் இருக்க வேண்டும்.