ரிக் ஆங்கீலின் கை

அமெரிக்க பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பந்துவீச்சாளர் ரிக் ஆங்கீல், 2000 அக்டோபர் 3 அன்று அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு எதிராகப் பந்து வீசியபோது அவருக்கு வயது 21. அந்தப் பருவத்தில் 194 பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்த (மட்டையாளர் மூன்று ‘ஸ்டிரைக்’ பெற்று ஆட்டமிழப்பது) அவர், மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் ஐந்து பந்துகளை, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு எட்டாதபடி சிதறவிட்டார். நன்கு பழகிய அசைவு திடீரெனக் கைவராமல் போகும் இந்த நிலையைப் பேஸ்பால் உலகம் ‘யிப்ஸ்’ என்றழைக்கிறது; 1971 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) பிட்ஸ்பர்க் அணிக்கு இரண்டு வெற்றிகளைத் தேடித்தந்த பந்துவீச்சாளர் ஸ்டீவ் பிளாஸையும் அது 1973-இல் வீழ்த்தியிருந்தது.

ஆயிரக்கணக்கான முறை செய்து பழகி, சிந்தனையின் துணையின்றியே நிகழும் ஓர் அசைவை மனம் திடீரெனப் படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அதன் ஓட்டம் குலைந்துவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்; சிலரிடம் இது தசை இயக்கத்தை ஆளும் நரம்பியல் கோளாறாகவும் இருக்கலாம். இதைக் கோழைத்தனம் என்று ஏசுவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பந்துவீச்சைக் கைவிட்டு வெளிக்கள வீரராகத் திரும்பிய அதே ஆங்கீல், 2008-இல் கொலராடோவில் நடந்த ஓர் ஆட்டத்தில், மைய வெளிக்களத்தின் ஆழத்திலிருந்து மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் அடைய வேண்டிய மூன்றாம் தளம்) பிசகாமல் எறிந்து, அங்கு ஓடிவந்த இருவரை ஆட்டமிழக்கச் செய்தார்.