ஃபிரிட்ஜ் கீறிய தாழமுக்கம்

பின்னேரம் ஆறரை. கொழும்புக்கு மேற்கே எட்டுக் கடல் மைல். பாயை இறக்கிவிட்டுப் படகு சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. உள்ளே மூன்று பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். திரையில் வானிலை வரைபடம் ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்குகிறது. பாதிவரைக்கும் அழகு. பிறகு மணலை அள்ளிக் கொட்டினதுபோல் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை.

"அண்ணை, இது தாழமுக்கம்தானே?"

"தாழமுக்கம் வட்டமாயெல்லோ வரும். இது சட்டம் வைச்சுக் கீறின மாதிரிக் கிடக்கு."

"அப்ப அயன ஒருங்கல் வலயம்!" வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் சந்திக்கும் பட்டைக்குச் செய்தியில் கேட்ட பெயர், அதை எங்கேயாவது இறக்கிவைக்கத் தம்பிக்கு அவசரம்.

சமையல் மூலையிலிருந்து மூன்றாவது ஆள் தலையை நீட்டினார். "ஃபிரிட்ஜ் இப்பதான் ஓடத் தொடங்கினது."

அவர் சொன்னதுதான் சரி. ரேடியோ ஃபாக்ஸ் என்பது சிற்றலை ரேடியோவில் சத்தமாக வரும் வானிலை வரைபடம், மடிக்கணினி அதைத் திரும்பப் படமாக்கும். நிமிடத்துக்கு 120 வரி, அதாவது அரை விநாடிக்கு ஒரு வரி. ஃபிரிட்ஜின் கொம்பிரசர் நாலு நிமிடம் ஓடினால் அதன் மின் இரைச்சலில் 480 வரி போச்சு. பத்து நிமிட வரைபடம் மொத்தமே 1200 வரி. இடமிருந்து வலம்வரை, மேலும் கீழும் நேராக வெட்டின பட்டை எது வந்தாலும் அது கடலில் இல்லை, படகுக்குள் இருக்கிறது. வானத்தில் உள்ளது எதுவும் இவ்வளவு ஒழுங்காக வராது.

கரையில் இருந்து பார்க்கிறவர்கள் கேட்பார்கள், கைத்தொலைபேசியில் இன்னும் இரண்டு கோடு சிக்னல் இருக்கும்போது இந்தச் சிரமம் ஏன் என்று. நியாயமான கேள்வி. கரையோரம் ஓடுகிறவருக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையே போதும்: "புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக" என்று தொடங்கி அவரவர் கடல் துண்டுக்குக் காற்றும் அலையும் சொல்லிவிடும். ஆனால் மாலைதீவுப் பக்கம் திரும்பி ஒரு இரவு ஓடினால் அந்த இரண்டு கோடும் போய்விடும். அப்போது பழகத் தொடங்குவதைவிட, கரையின் சிக்னல் கோபுரம் கண்ணில் தெரியும்போதே பிழை விட்டுப் பழகுவது மலிவு.

இந்துப் பெருங்கடலில் இருக்கிறவர்கள் வழக்கமாகத் தேடுவது மேற்கு ஒஸ்திரேலியாவின் விலூனா ஒலிபரப்பு நிலையத்தை, அழைப்புக்குறி வி.எம்.டபிள்யூ. 10,555 கிலோஹேர்ட்ஸ் அதன் அலைவரிசைகளில் ஒன்று. இங்கேதான் முதல் குழி. பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே ரேடியோவில் போட்டால் ஒன்றும் வராது. ரேடியோவை யூ.எஸ்.பி முறையில் வைத்து 1.9 கழிக்க வேண்டும்: 10,553.1. (கம்பியூட்டர் வயரின் யூ.எஸ்.பி இல்லை, மேல் பக்கப்பட்டை. இந்தக் குழப்பத்தில் ஒருவர் ரேடியோவில் வயர் குத்த ஓட்டை தேடினார்.) அப்போதுதான் கறுப்பு 1500 ஹேர்ட்ஸ் சத்தமாகவும் வெள்ளை 2300 ஆகவும் காதில் விழும். ஜப்பானின் ஜே.எம்.எச் நிலையம் 13,988.5 என்றால் சுழற்றவேண்டியது 13,986.6. சரியாகப் பிடிபட்டால் விநாடிக்கு இரண்டு தடவை ஒரு சுரண்டல் கேட்கும், பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற மாதிரி.

இரண்டாவது குழி நேரம். அட்டவணைகள் எல்லாம் யூ.ரி.சி எனும் உலகப் பொது நேரத்தில். நமக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 1996இல் மணிக்கூட்டை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பின்னே இழுத்த நாடு இது. "பழைய நேரமோ புது நேரமோ" என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஐந்தரை கூட்டுவது பெரிய காரியமில்லை. ஆனாலும் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டு, பதினொரு மணித்தியாலம் பிழையாக உட்கார்ந்து "ஸ்டேசன் செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது குழி சாய்வு. வரைபடம் மழைக்காற்றில் நனைந்த மதில் மாதிரி ஒரு பக்கம் சரிந்து வந்தால், ரேடியோவைத் திட்டாதீர்கள். மடிக்கணினியின் ஒலி அட்டைதான் கள்ளன். ஒரு வரிக்கு ஏறத்தாழ 1810 புள்ளி. 1200 வரிக்கு 21 லட்சத்துக்கும் மேல். ஒலி அட்டையின் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 50 பிசகினாலே கடைசி வரி ஏறத்தாழ 109 புள்ளி தள்ளிப்போகும். எஃப்.எல்.டிஜி போன்ற மென்பொருளில் இதைத் திருத்த இடமிருக்கிறது. ஒரு முறை திருத்தினால் அந்த மடிக்கணினிக்குப் பெரும்பாலும் அதே எண்தான். தொடக்க ஒலிக்குப் பின்வரும் அரை நிமிட ஒழுங்கமைப்புச் சைகையைத் தவறவிட்டால் வேறு கூத்து: படம் நடுவில் பிளந்து, சிட்னி இடப்பக்கமும் பேர்த் வலப்பக்கமுமாக ஒஸ்திரேலியா உள்வெளி புரட்டின சட்டை மாதிரி வரும்.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம். இரைச்சலைப் பிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு படகு முழுக்க நடந்தால், குற்றவாளிக்குப் பக்கத்தில் அது அலறும். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அணைத்த வரிசை இது: எல்.ஈ.டி விளக்கு, கொஞ்சம் குறைந்தது. மடிக்கணினியின் சார்ஜர், நிறையக் குறைந்தது. ஃபிரிட்ஜ், பெருமூச்சு விட்டதுபோல் அமைதி. சோலார் கொன்ட்ரோலர் பொழுதுபட்டபின் தானாகவே ஊமை. பகலில் அதுவும் சேர்ந்து பாடும்.

"அப்ப ஃபிரிட்ஜை நிப்பாட்டுவம்."

"நிப்பாட்டினா பாரை மீன்?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. உண்மையில் பத்து நிமிடம் நிறுத்தினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மூடியைத் திறந்து திறந்து "கெட்டுப்போச்சோ" என்று பார்ப்பதுதான் அதைக் கெடுக்கும். நிரந்தர வைத்தியம் ஃபெரைட் வளையம், வயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள். பலர் வயரை ஒரு தடவை ஊடாக விட்டுவிட்டு "சரிவரவில்லை" என்பார்கள். சரிவராதுதான். சிற்றலையில் அது ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால்தான் வேலை செய்யும், தடுக்கும் வலு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். கலவை எண் 31 என்று கேட்டு வாங்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கினால் பேப்பர் பறக்காமல் வைக்க உதவும்.

அன்ரெனாவுக்குப் பத்து மீற்றர் வயர், அடியில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபோமர் ஒன்று, பாய் ஏற்றும் கயிற்றில் கட்டி மேலே இழுத்தால் ஆயிற்று. பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிகளோடு உரசாமல் பார்த்தால் போதும்.

செய்மதிப் படத்தின் கதை வேறு. இணையத்தில் பழைய வழிகாட்டிகளை வாசித்துவிட்டு, மொட்டை மாடியில் அன்ரெனாவோடு அமெரிக்காவின் நோவா வானிலைச் செய்மதிக்குக் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் அப்படி ஒருவர் நின்றால் கீழ்வீட்டு அன்ரி கட்டாயம் கேட்பார்: "என்ன தம்பி, இந்தியன் சனல் எடுக்கவோ?" எடுக்கப்போவது எதுவும் இல்லை என்பதுதான் சோகம். நோவா 18 ஐ 2025 ஜூனிலும், 19 ஐயும் 15 ஐயும் அதே ஆண்டு ஓகஸ்ட்டிலும் நிறுத்திவிட்டார்கள். 1998இல் ஏவிய 15 தான் கடைசிவரை இழுத்துப் பிடித்தது.

இப்போது மிச்சம் ரஷ்யாவின் மெற்றியோர் எம் வரிசையில் 2-3, 2-4. அலைவரிசை 137.9 அல்லது 137.1 மெகாஹேர்ட்ஸ். மடிக்கணினியில் செருகும் கையடக்க ரேடியோ வாங்கியான எஸ்.டி.ஆர் குச்சி ஒன்று, சற்டம்ப் மென்பொருள், 53.4 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு குழாய் 120 பாகையில் விரித்து வடக்குத் தெற்காகக் கிடையாக வைத்தால் தரையில் படம் வரும். படகில் அந்த வி வடிவம் சிரமம். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் குருட்டுப் பக்கம் செய்மதியை நோக்கும். பழைய நோவா என்றால் அந்த இடத்தில் பொரிப்பொரியாகப் படம் தொடரும். மெற்றியோர் இலக்கமுறை, வந்தால் கண்ணாடி மாதிரி, இல்லையென்றால் கறுப்பு. நடுவழி கிடையாது. அதனால் பி.வி.சி குழாயில் முறுக்கிச் செய்யும் நாற்சுருள் அன்ரெனாதான் கடலுக்குச் சரி. தலைகீழான முட்டை அடிக்கும் கம்பி மாதிரி இருக்கும். அன்ரிக்குச் சொல்ல வேறு கதை தேட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பாய்மர உச்சியில் உள்ள எல்.ஈ.டி விளக்கு இந்த அலைவரிசையை நாசமாக்கக்கூடும், படகுகள் கதைக்கும் கடல் வி.எச்.எஃப் ரேடியோவுக்கே அது தொல்லை என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரிக்கை விட்டது. மற்றது, குச்சி செருகியிருக்கும்போது 25 வாட் வி.எச்.எஃப்பில் கதைக்கக்கூடாது. அன்ரெனாக்கள் இரண்டும் கிட்ட இருந்தால் குச்சி அதிலேயே செத்துவிடும், எந்தப் புகையும் காட்டாமல்.

வரைபடம் வந்தபின்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் ஏழு பாகை வடக்கில். இங்கே சம அமுக்கக் கோடுகள் மிக ஐதாகத்தான் விழும். கோடு இல்லை என்பதற்காகக் காற்று இல்லை என்று ஆகாது. படகின் பாரமானியோ தினமும் காலை பத்து மணிக்கு ஏறி, பின்னேரம் நாலு மணிக்கு ஏறத்தாழ மூன்று ஹெக்டோபஸ்கால் இறங்கும். அது வளிமண்டலத்தின் அன்றாட மூச்சு. முதல்நாள் கடலுக்கு வந்த தம்பி சரியாக நாலு மணிக்குத்தான் அதைப் பார்ப்பார், லைஃப் ஜக்கெற் எங்கே என்று கேட்பார்.

அன்றைக்கு ஃபிரிட்ஜை அணைத்து, மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி, மைக் உள்ளீட்டின் "இரைச்சல் நீக்கி" வசதியையும் அணைத்தபின் (அது ஃபாக்ஸ் சத்தத்தையே இரைச்சல் என்று துடைத்துவிடும்) அடுத்த வரைபடம் பட்டையில்லாமல் இறங்கியது. தம்பி தன் கைத்தொலைபேசிச் செயலியையும் ரேடியோவின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாக ஒரு பிரதி எடுத்தார். ரேடியோவிலிருந்து வயரில் சத்தம் வாங்கிய மடிக்கணினிப் படம் சுத்தம். கைத்தொலைபேசிப் படத்தின் அடிப்பாகத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக மூன்று கீற்று.

"இது என்னண்ணை, இப்ப ஃபிரிட்ஜும் ஓடேல்லையே?"

அண்ணை திரையைப் பார்த்தார், பிறகு சமையல் மூலையைப் பார்த்தார். அங்கே மூன்றாவது ஆள், பாரையை வெட்டிக் குழம்பு வைக்கத் தொடங்கியிருந்தவர், உதட்டைக் குவித்தபடி நின்றார்.

"விசிலடிக்கிறதை நிப்பாட்டும் ஐசே."