சிவப்புக் குல்லா: கோத்தகிரி நாட்குறிப்பு

2024 நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் பயப்பட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் என் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். இந்த மழையிலும் புதிதாக ஒரு குழந்தை வந்து சேர்ந்தாள். மூன்றரை வயது. குழந்தைகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன், குல்லாவின் நிறத்தை வைத்தே சொல்கிறேன். இவள் சிவப்புக் குல்லா. அப்பாவும் அம்மாவும் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள்.

இவளோடு சேர்த்து ஆறு பேர். முன்னறையில் பாய், அடுப்படியில் பால், மதியத்துக்கு மேல் என் அம்மா சொல்லும் கதை. என் வீட்டுக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. அம்மா மட்டும் 'பிள்ளைக் காம்பரா' என்பார், இலங்கைத் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்துக்கு அதுதான் பெயர். அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் நீலகிரியில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஏராளம். அந்தத் தோட்டத்துக்கு நாலைந்து பேர் பறிக்கப் போனால் குழந்தையை எங்கே விடுவார்கள்? அப்படி வந்தவர்கள்தான் இங்கே பாதிப் பேர்.

சிவப்புக் குல்லா மாலை வரை வாய் திறக்கவில்லை. டிவியில் கேட்டுப் பழகிய இந்தியில் "பானி?" என்று டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். அவ்வளவுதான்.

நவம்பர் 8

இன்றும் பேச்சில்லை. கூட்டிப்போக வந்த அப்பா ரொம்பவே கலங்கியிருந்தார். அரைகுறைத் தமிழில் கேட்டார்: "அக்கா, வீட்லயும் தமிழே பேசட்டுமா? எங்க பேச்சை விட்டுடறோம்."

வேண்டவே வேண்டாம் என்றேன். வீட்டில் பேசுகிறாளா என்று கேட்டேன். தூங்கும்வரை ஓயமாட்டாளாம். அப்படியென்றால் பயமில்லை. தெரியாத மொழி நடுவில் வந்து விழுந்த குழந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட, பேசாமலே இருக்கும். அந்த நேரமெல்லாம் காது வேலை செய்துகொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்புகிறாளா, மற்றவர்கள் செருப்பை எடுத்தால் தானும் எடுக்கிறாளா, இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் செய்கிறாள். வீட்டு மொழியிலும் பேசாத குழந்தை என்றால்தான் காதையும் மற்றதையும் டாக்டரிடம் காட்டச் சொல்வேன்.

அவரிடம் இவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் என் மகன். அவனுக்கு நாலு வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். எனக்கே தடுமாறும் இங்கிலீஷில் அவனைக் கொஞ்சினேன், திட்டினேன், தூங்கவைத்தேன். ஆறு மாதத்தில் அவன் பாட்டியிடம், என் அம்மாவிடம், பேசுவதையே நிறுத்திவிட்டான். இப்போது பெங்களூரில் வேலை. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே "சாப்பிட்டியா", "எஸ் பாட்டி" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது. இதை நினைக்காத நாளில்லை.

நவம்பர் 19

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சிவப்புக் குல்லா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கொட்டைகளை வரிசையாக அடுக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. அம்மா குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, "இங்க வாயேன், இவ மூணு எண்றா" என்றார்.

ஒண்டா, ஏண்ட், மூந்த், நாக்.

இந்தியில் 'தீன்' என்றல்லவா வரும்? சாயந்திரம் அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, "இந்தி இல்லக்கா, குடுக்" என்றார். குருக் என்றும் எழுதுகிறார்கள். ஒராவோன் பழங்குடி மக்களின் மொழி. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அது திராவிட மொழி, தமிழுக்குச் சொந்தக்கார மொழி. நான்கு வரை பழைய எண்கள் தங்கிவிட்டன, ஐந்திலிருந்து வடக்கத்தி எண்கள். பல்லைக் காட்டினேன், "பல்ல்" என்றார். என்னைக் கைகாட்டினேன், "நீன்" என்றார்.

பதினைந்து நாளாக அந்தக் குழந்தையிடம் நான் இந்தியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் நாளே என்ன மொழி என்று கேட்டிருக்க வேண்டும். இனி யார் வந்தாலும் அதுதான் முதல் கேள்வி.

நவம்பர் 27

பல் தேய்க்கும் விளையாட்டு. மஞ்சள் குல்லா படுக வீட்டுப் பையன், நீலகிரி மலையின் படுகர்கள் பேசும் மொழி படுகம். பல் அவனுக்கு ஹல்லு, பால் ஹாலு, புலி ஹுலி. தமிழில் 'ப' வரும் இடத்தில் படுகத்தில் 'ஹ' வருவதை அவனாகவே பிடித்துக்கொண்டு, இன்று "பாட்டி, ஹாட்டி!" என்று அம்மாவைச் சுற்றி ஓடினான். அது தப்புதான், படுகத்தில் பாட்டி 'ஹெத்தெ'. ஆனால் என்ன அழகான தப்பு! நாலு வயதுக் குழந்தை இரண்டு மொழிக்கு நடுவில் ஒரு விதியைத் தானே கண்டுபிடித்திருக்கிறான்.

நான் யாரையும் திருத்துவதில்லை. "ஹாலு" என்று கேட்டால், "பால் வேணுமா? இந்தா, சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்வேன். கேட்ட சொல்லும் கேட்காத சொற்களும் சேர்ந்து அவன் காதில் விழும். புதன்கிழமை அவனுடைய ஹெத்தெ வந்து படுகத்தில் கதை சொல்கிறார். எழுத்து? ஐந்து வயதுக்கு முன் என் வீட்டில் பலகையும் இல்லை, பிரம்பும் இல்லை.

டிசம்பர் 11

நாலு பேருக்குச் சளி. கஷாயம், வெந்நீர், தூக்கம். மொழிப்பாடம் எதுவும் இல்லை.

டிசம்பர் 17

நீலக் குல்லாவின் அம்மா கோபமாக வந்தார். தமிழ் வீடு. பையன் வீட்டில் 'ஹாலு' என்கிறானாம், இப்போது 'மூந்த்' வேறு. "அடுத்த வருஷம் இன்டர்வியூ இருக்கு, ஏ பி சி டி சொல்லிக்குடுங்கன்னு பார்த்தா இப்படிக் குழப்பிவிடறீங்களே."

உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவன் குழம்பவில்லை என்பதற்கு நான் தினமும் பார்க்கும் சாட்சி உண்டு. மஞ்சள் குல்லாவிடம் மட்டும்தான் ஹாலு என்பான், என்னிடம் வந்தால் பால். யாரிடம் எது செல்லும் என்று தெரிந்தவனை எப்படிக் குழம்பியவன் என்பது? இரண்டும் தெரிந்தால் இரண்டு சொல், அப்படித்தான் எண்ண வேண்டும். தமிழில் கதையை முன்பின் மாறாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும்போது, சொல்லுவதற்கு ஒரு கதையாவது கையில் இருக்கும்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தை வரை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட முடியவில்லை. இதே பயத்தோடு நானும் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றவள்.

2025 ஜனவரி 7, செவ்வாய்

பனி கொட்டியிருந்தது. வாசல் புல் முழுக்க வெள்ளை. சிவப்புக் குல்லா கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, மஞ்சள் குல்லாவைப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்:

"நீன் பா!"

நீன் அவளுடைய மொழி. பா அவனுடைய மொழி, 'வா' என்பதற்குப் படுகத்தில் அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனும் ஒரு கேள்வி கேட்காமல் ஓடினான். இரண்டு பேரும் விரலால் பனியைத் தொட்டுத் தொட்டுக் கத்தினார்கள்.

சாயந்திரம் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, மகளிடம் நீட்டினார். பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினாள். எங்களுக்குப் பிடிபட்டது நீனும் மூந்தும் மட்டும்தான். அந்தப் பக்கம் கிழவி சிரிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

அவர்கள் போனபிறகு அம்மா வெகுநேரம் முறத்தை மடியில் வைத்தபடியே இருந்தார். பிறகு, "அவனுக்குப் போட்டுக் குடு" என்று என் போனுக்குக் கை நீட்டினார்.