ஈறு வீக்கத்துக்கு ஒரு செட் மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் போதும், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யாராவது நம் மருந்துக்கடைக்கு வந்துவிடுவார்கள். "ஈறு வீங்கிடுச்சுண்ணே, ஒரு செட் மாத்திரை குடுங்க." செட் என்றால் வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரமாட்டேன் என்றால் பாதிப் பேர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். நின்று கேட்கிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" மட்டன் நார், கொய்யா விதை, பாப்கார்ன் தோல் என்று ஏதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வீக்கத்தைக் கிளப்பியிருக்கும். அதை எடுக்க நம் ஆட்கள் தேடுவது ஊக்கு. வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, கடைக் கண்ணாடியில் பார்த்தபடியே குத்தத் தொடங்கிய அம்மாவைக்கூடத் தடுத்திருக்கிறேன். ஈறைக் கிழித்துச் சீழ் பிடிக்க வைக்கத்தான் அது உதவும். பல் இடுக்கில் விட்டு எடுக்கும் நூல் கடையிலேயே கிடைக்கிறது. மெதுவாக விட்டு எடுங்கள்.

அப்புறம், ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் பல் தேய்க்காமல் விடுவது. அழுக்குப் படிவதால்தான் பெரும்பாலும் ஈறே வீங்குகிறது. அங்கே பிரஷ் படாவிட்டால் இன்னும் வீங்கத்தான் செய்யும். சாஃப்ட் பிரஷ் வாங்கி, அழுத்தாமல் தேயுங்கள்.

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் அரை நிமிடம் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். கன்னம் வீங்கியிருந்தால் வெளியிலிருந்து துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், சூடான ஒத்தடம் வேண்டாம். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். வலி மாத்திரையை ஈறில் ஒட்டி வைப்பதும் அதே கதைதான், புண்ணாகும். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

எல்லா வீக்கமும் அழுக்கால் வருவதில்லை. நம் கடையில் மாதாமாதம் பி.பி. மாத்திரை வாங்கும் ஒரு அத்தைக்கு முன்பற்களுக்கு நடுவே ஈறு உருண்டை உருண்டையாக வளர்ந்து, சிரித்தாலே பாதிப் பல்தான் தெரியும். வலியே இல்லை. அவர் சாப்பிட்டது அம்லோடிபின். சிலருக்கு அது ஈறை வளரவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்னும் அப்படித்தான். "நீங்களா நிறுத்திடாதீங்கத்தை, டாக்டர்கிட்ட வாயைக் காட்டுங்க" என்றேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார், பல்லும் சுத்தம் செய்தார்கள், சில மாதங்களில் ஈறு இறங்கியது. கர்ப்ப காலத்திலும் ஈறு சுலபமாக வீங்கும். ஈறு அடிக்கடி வீங்குகிறவர்கள் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு மூன்று நாளில் வீக்கம் குறையாவிட்டாலோ, சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ பல் டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போங்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, தாடைக்குக் கீழேயோ கண் பக்கமோ வீக்கம் பரவுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். தொண்டைப் பக்கம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

"க்ளீன் பண்ணினா பல் ஆடுமாமே?" என்பது வாரம் தவறாமல் கேட்கும் கேள்வி. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதன்மேல் கல் மாதிரி இறுகிப்போன அழுக்கு, அதாவது காரை, பிடித்து வைத்திருக்கும். காரை போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். செலவுக்கு யோசிக்கிறவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நேரம் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.